பீட்டில்ஸா, பிங்க் ஃப்ளாய்டா, குயீனா, ஆபாவா? பழைய ராக், பாப் பாட்டுகளை எங்கே தொடங்குவது

அண்ணன் மகள் போன மாதம் ஒரு புகாரோடு வந்தாள். "சித்தப்பா, நீங்க சொன்னீங்கன்னு பீட்டில்ஸ் கேட்டேன். பாடுறவர் பக்கத்து வீட்டுல நின்னு பாடுற மாதிரி இருக்கு. இதையா அறுபது வருஷமா கொண்டாடுறாங்க?"

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. கல்லூரிப் பேருந்தில் தோழியோடு ஆளுக்கொரு இயர்போனாகப் பங்கு போட்டுக் கேட்டிருக்கிறாள். இவளுக்குக் கிடைத்தது இடது பக்கம். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தின் ஸ்டீரியோப் பதிவில் வாத்தியங்கள் இடது பக்கம், குரல்கள் வலது பக்கம். அவள் கேட்டது பாதிப் பாட்டு. மீதிப் பாதி தோழியின் காதில் இருந்தது.

இந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிற பலரும் இப்படித்தான் எங்கேயோ ஓர் ஓரத்தில் நுழைந்து, "நமக்கு ஒத்துவராது" என்று திரும்பிவிடுகிறார்கள். எதில் ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான்கு குழுக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், குயீன், ஆபா. லெட் செப்பெலின், பாப் டிலன், டேவிட் போவி, ஃப்ளீட்வுட் மேக் எல்லாம் இல்லையே என்று கோபிக்க வேண்டாம். இந்த நால்வரில் ஒருவர் பிடித்துவிட்டால் அவர்களிடம் போகும் வழி தானாகத் தெரிந்துவிடும்.

## பழசு என்பதற்காகவா?

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம். ஐம்பது அறுபது வருடப் பழைய பாட்டில் ஏக்கத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் 1966-இல் பிறந்திருக்கவே இல்லை. எனக்கு அந்தக் காலத்தின் மேல் ஏக்கம் இருக்க வழியில்லை. பழையது எல்லாம் பொன் என்றும் நான் சொல்லவில்லை. 1967-லும் மட்டமான பாட்டுகள் ஏராளமாக வந்தன, அவற்றை இன்று யாரும் தேடுவதில்லை. காலம் சலித்து, மிஞ்சியதை நம் கையில் கொடுத்திருக்கிறது. புதுப்பாட்டுக் கேட்பவருக்கு இல்லாத வசதி இது.

மிஞ்சியவை ஏன் மிஞ்சின என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இவர்களிடம் கருவி குறைவு. ஒரு சத்தம் வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து அதைக் கையால் செய்ய வேண்டும். நாடாவை வெட்டி ஒட்ட வேண்டும், அதே குரலை நூறு தடவை பாட வேண்டும். இந்த உழைப்பு பாட்டுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பத்தாவது முறை கேட்கும்போது ஒன்று, முப்பதாவது முறை இன்னொன்று என்று வெளியே வருகிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் கேட்பிலேயே பிடிக்குமா என்பது ஓர் அளவு. ஆங்கில வரிகள் காதில் விழாமல் போனால் எவ்வளவு இழப்பு என்பது இரண்டாவது. நம்மில் பலருக்கு இதுதான் உண்மையான தடை. மூன்றாவது, நேரம்: மொத்தம் எத்தனை ஆல்பம், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும். நான்காவது, எங்கே எதில் கேட்கிறீர்கள் என்பது. கடைசியாக, ஐம்பதாவது முறை கேட்கும்போது என்ன மிச்சம் இருக்கும். கடைசி அளவுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

| | முதல் கேட்பில் | வரிகள் பிடிபடாவிட்டால் | ஸ்டூடியோ ஆல்பங்கள் | பேருந்தில் |
|---|---|---|---|---|
| பீட்டில்ஸ் | பாதி உடனே, பாதி மெதுவாக | பெரிய இழப்பில்லை | 12 (ஒன்றைச் சேர்த்து 13 என்பாரும் உண்டு) | சரி, ஆனால் இரண்டு காதிலும் |
| பிங்க் ஃப்ளாய்ட் | பொறுமை வேண்டும் | ஓரளவு இழப்பு | 15 | வேண்டாம் |
| குயீன் | உடனே | இழப்பே இல்லை | 15 | தாராளமாக |
| ஆபா | உடனே | வரிகள் தெளிவாகவே விழும் | 9 | தாராளமாக |

## பீட்டில்ஸ்

லிவர்பூல் பையன்கள் நால்வர். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டைப் பதிவு செய்து முதல் ஆல்பத்தை முடித்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று சளி பிடித்துத் தொண்டை கரகரத்திருந்தது. கத்திப் பாட வேண்டிய பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, இரவில் பாடி முடித்தார். 1970-இல் குழுவே கலைந்துவிட்டது. நடுவில் இருந்தது ஏழே வருடம். இந்த வேகம்தான் இவர்களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏனென்றால் 1963-இன் பீட்டில்ஸும் 1967-இன் பீட்டில்ஸும் கிட்டத்தட்ட இரண்டு வேறு குழுக்கள். "கேட்டேன், பிடிக்கவில்லை" என்று சொல்கிறவரிடம் எந்த வருடத்தைக் கேட்டீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

தொடங்க வேண்டிய இடம் 1966-இல் வந்த ரிவால்வர். பதினான்கு பாட்டு, சுமார் 35 நிமிடம். ஒரு பாட்டில் எட்டு நரம்பு வாத்தியங்கள் மட்டும்தான். குழுவில் யாரும் எதையும் வாசிக்கவில்லை, பாட மட்டும் செய்தார்கள். இன்னொன்றில் சிதாரும் தபலாவும். கடைசிப் பாட்டு நம் காதுக்கென்றே செய்தது போல இருக்கும். தம்பூரா ஒலியோடு ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டில்) அசையாமல் நிற்கும். மேற்கத்தியக் காதுக்கு அது அதிர்ச்சி, ஸ்ருதியோடு வளர்ந்த நமக்கு வீட்டுக்கு வந்த உணர்வு. அந்த ஸ்ருதியின் மேல் கடற்பறவைகள் கத்துவது போல ஏதோ பறக்கும். அவை நாடா வளையங்கள். நாடாத் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, ஸ்டூடியோ ஊழியர்கள் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். இன்று போனில் ஒரு நிமிட வேலை. அன்று கட்டடம் முழுவதும் ஆள் நிற்க வேண்டியிருந்தது.

இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், பீட்டில்ஸ்தான். 1966-க்குப் பிறகு பால் மெக்கார்ட்னியின் பேஸ் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடும். அதற்காக மட்டும் ஒரு தடவை, ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டாருக்காக ஒரு தடவை, ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸுக்காக ஒரு தடவை என்று கேட்கலாம். ரிங்கோவைச் சுமாரான வாத்தியக்காரர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிவால்வர் ஒன்றே அதற்குப் பதில்.

மறைந்திருக்கும் செலவு, என் அண்ணன் மகள் மாட்டிக்கொண்ட அதே ஸ்டீரியோ சிக்கல். அன்று பெரும்பாலான வீடுகளில் ஒற்றை ஒலிபெருக்கிதான். அதனால் மோனோப் பதிவுக்குத்தான் கவனம் போனது. ஸ்டீரியோவை அவசரமாகப் பிரித்துவைத்தார்கள். ரிவால்வரில் 2022-இல் இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதுக் கலவையைக் கேளுங்கள். இயர்போனுக்கு அது இதமாக இருக்கும். இன்னொரு செலவும் உண்டு: கதைகள். ரிஷிகேஷ் போனது, சண்டை, யார் யாரைப் பிரித்தார்கள் என்று படிக்கப் படிக்கத் தீராது. பாட்டை விட்டுவிட்டு அதில் ஆறு மாதம் மூழ்கிப்போன நண்பர்கள் எனக்கு உண்டு.

## பிங்க் ஃப்ளாய்ட்

இவர்களைக் கேட்க ஓர் இரவு வேண்டும். விளக்கை அணைத்து, போனைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, 43 நிமிடம். 1973-இல் வந்த தி டார்க் சைட் ஆஃப் தி மூன் அவ்வளவு நேரம்தான் ஓடும். ஆனால் நடுவில் எழுந்து போனால் மறுபடி முதலிலிருந்துதான். பத்துப் பாட்டு என்று பட்டியலில் இருக்கும். கேட்கும்போது ஒரே பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இடம்பிடித்திருந்தது. பிரபலமான குழுவின் ஆல்பம் வந்த வேகத்தில் விற்பது சாதாரணம். பதினைந்து வருடம் கழித்தும் யாரோ ஒரு பதினேழு வயதுப் பிள்ளை காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தது என்றால், அதை வாங்கவைத்தது விளம்பரம் இல்லை.

இதில் பணத்தைப் பற்றிய பாட்டு ஒன்று வரும். கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், சில்லறை விழும் சத்தம், காகிதம் கிழிகிற சத்தம் என்று தாளத்தில் ஆரம்பிக்கும். குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் வீட்டில் ஒரு பெரிய கலவைக் கிண்ணத்தில் காசுகளை எறிந்து அந்தச் சில்லறைச் சத்தத்தைப் பதிவு செய்தார். ஏழு சத்தங்கள். ஒவ்வொன்றின் நாடாவையும் அடிக்கோல் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டி ஒட்டினார்கள். ஏழு துண்டு, ஏழு எண்ணிக்கை. ராக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த ஏழில் தடுக்கி விழுவார்கள், எங்கே கால் தட்டுவது என்று தெரியாது. மிஸ்ர சாபு தெரிந்தவர் தொடையில் தட்டிப் பாருங்கள், மூன்றும் நான்குமாக உட்காரும். சாக்ஸஃபோன் அந்த ஏழிலேயே வாசிக்கும். பிறகு கிட்டார் வரும்போது பாட்டு நாலுக்கு மாறிவிடும். மூச்சை இறுக்கிப் பிடித்திருந்தவர் விடுவது போல இருக்கும் அந்த இடம். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது புதுசு.

வரிகள் புரியாவிட்டால் இழப்பு உண்டு. காலம், காசு, சாவு, மனநோய் என்று பெரிய விஷயங்களைச் சின்ன வாக்கியங்களில் சொல்வார்கள். ஆனால் ஆல்பத்தின் உச்சமாகப் பலர் நினைக்கும் இடத்தில் வார்த்தையே கிடையாது. கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்து, சொல்லில்லாமல் பாடச் சொன்னார்கள். 30 பவுண்டு கூலி. 2004-இல் அவர் வழக்குப் போட்டார், மறு வருடம் சமரசமாகி அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு அவர் என்ன செய்தார் என்று விளக்கவே வேண்டாம்.

இங்கே செலவு அதிகம். இலவசக் கணக்கில் கேட்டால் பாட்டும் பாட்டும் சேரும் இடத்தில் விளம்பரம் வந்து உட்காரும். சில செயலிகள் பாட்டுகளை மாற்றிப் போடும். கட்டணச் சந்தாவில் கூட, இடைவெளி இல்லாமல் ஓடும் அமைப்பு போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கேட்பதே வீண். அப்புறம், மனசு பாரமாக இருக்கும் நாட்களில் இவர்கள் அந்தப் பாரத்தைக் குறைக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

இரண்டாவது ஆல்பமாக தி வாலுக்குப் போகாதீர்கள், அது இரட்டை ஆல்பம், திகட்டிவிடும். 1975-இல் வந்த விஷ் யூ வேர் ஹியர்தான் அடுத்தது. குழுவை ஆரம்ப நாட்களில் நடத்தியவர் சிட் பாரட்; மனநிலை சிதைந்து 1968-இல் வெளியேறினார். அவரை நினைத்தே எழுதிய நீண்ட பாட்டு இதில் இருக்கிறது. 1975 ஜூனில் அந்த ஆல்ப வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, உடம்பு பெருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். யார் என்று அவர்களுக்கு உடனே தெரியவில்லை. பாரட்தான்.

## குயீன்

ஃபிரெடி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்த பார்சி. இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தார், முதல் குழுவும் அங்கேதான். பிரையன் மே, அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து தன் கிட்டாரைச் செய்துகொண்டவர். வானியற்பியலில் முனைவர் பட்டத்தை 2007-இல் வாங்கினார். நால்வருமே பாட்டு எழுதுவார்கள் என்பதால் ஒரே ஆல்பத்தில் நாலு ருசி கிடைக்கும்.

முதல் கேட்பில் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் முதல் அளவு என்றால் யோசிக்காமல் இங்கே வாருங்கள். 1975-இன் போஹீமியன் ராப்சோடி 5 நிமிடம் 55 விநாடி. பல்லவி திரும்பி வரவே வராது. ராகமாலிகை போல ஒன்று முடிந்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வரும் ஓபரா கூட்டம் மூன்றே பேர். மெர்க்குரி, மே, ரோஜர் டெய்லர் மூவரும் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நாடா ஓடி ஓடித் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது.

1981-இல் வந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் பிரிட்டனில் இதுவரை மிக அதிகம் விற்ற ஆல்பம். தொகுப்பு வேண்டாம், ஆல்பமாகக் கேளுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். குயீனுக்கும் அடுத்து வரும் ஆபாவுக்கும் மட்டும் தொகுப்பிலேயே தொடங்கலாம். இவர்களின் தனித்தனி ஆல்பங்களில் ஏற்ற இறக்கம் உண்டு.

செலவு ஒன்றுதான், ஆனால் சிறியதில்லை: இந்தப் பாட்டுகள் தேய்ந்துபோயிருக்கின்றன. கிரிக்கெட் மைதானத்திலும் விளம்பரத்திலும் கேட்டுக் கேட்டு, காலால் இரண்டு, கையால் ஒன்று என்று தட்டும் அந்த 1977 பாட்டை, வி வில் ராக் யூவை, பாட்டாகக் கேட்கவே நமக்கு முடியவில்லை. அதில் டிரம்ஸே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? பலகைகளின் மேல் மிதித்து, எதிரொலி இடைவெளிகளைக் கணக்குப் போட்டுச் சேர்த்து, ஒரு கூட்டமே மிதிப்பது போல மே அமைத்தார். கிட்டார் கடைசியில்தான் முழுசாக வரும். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு அதை எதிர்பார்த்து உட்காருங்கள்.

மற்றவர்களோடு சேர்ந்து பாட, காரில் போட, சோர்ந்த மாலையில் நிமிர்ந்து உட்கார குயீனைப் போல யாரும் இல்லை. ஐம்பதாவது கேட்பில் மட்டும் பீட்டில்ஸுக்கு ஒரு படி கீழே வைப்பேன்.

## ஆபா

இவர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வேகம் வந்துவிடும். ராக் கேட்கிறவர்கள் ஆபாவை வெகுகாலம் இளக்காரமாகவே பார்த்தார்கள். பளபளப்பான உடை, நடனப் பாட்டு, 1974-இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்ற ஸ்வீடன்காரர்கள், அவ்வளவுதான் என்று. அந்த இளக்காரம் தப்பு.

1976-இன் டான்சிங் குயீனைப் போட்டு முதல் பத்து விநாடியைக் கேளுங்கள். பியானோவில் ஒரு வழுக்கல், உடனே பாட்டு உச்சத்தில் இருக்கிறது. அவர்கள் பல்லவியின் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முழுப் பல்லவி எது என்று பிறகுதான் நமக்குத் தெரியும். ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் கொண்டாட்டத்துக்குள் கதவைத் திறந்து நுழைந்த உணர்வு அதனால்தான். குழுவின் இரு பாடகிகள், அக்னேதாவின் குரலும் ஃப்ரீடாவின் குரலும் சேரும்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும். ஒலிப்பொறியாளர் மைக்கேல் ட்ரெட்டோ, நாடாவின் வேகத்தை ஒரு துளி மாற்றி அதே பகுதியை மறுபடி பதிவு செய்து, இரண்டையும் சேர்த்துத் தடிமனாக்குவார். அதுதான் அந்த மினுமினுப்பு.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆபாதான். அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எளிய சொற்கள், தெளிவான உச்சரிப்பு. வரிகள் காதில் விழ விழத்தான் இன்னொன்று தெரியும்: இந்தச் சந்தோஷமான பாட்டுகளில் பாதி சோகப் பாட்டுகள். 1980-இல் வந்த பிரிவுப் பாட்டான தி வின்னர் டேக்ஸ் இட் ஆலை எழுதியவர் குழுவின் பியோன். பாடியவர் அவரிடமிருந்து அப்போதுதான் விவாகரத்துப் பெற்ற அக்னேதா. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் நடன மேடை வெளிச்சம் எல்லாம் அணைந்துவிடும்.

ஒன்பதே ஆல்பம். 1992-இன் ஆபா கோல்ட் தொகுப்பில் தொடங்கி, பிறகு 1981-இன் தி விசிட்டர்ஸ். ஆரம்ப ஆல்பங்களில் ஒப்பேற்றிய பாட்டுகளும் உண்டு, தாண்டிப் போகலாம். வீட்டில் ஐந்து வயதும் எழுபது வயதும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும்படி நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதுதான்.

## எனக்குக் கேட்டால்

தனியாக, இயர்போனில், அடுத்த பத்து வருடத்துக்கும் கூட வரும்படி ஒன்று வேண்டும் என்றால் பீட்டில்ஸின் ரிவால்வர். ஒரு வாரம் அதை மட்டும். கட்டணச் சந்தாவும் அமைதியான இரவும் இருந்தால் பிங்க் ஃப்ளாய்டைப் பக்கத்திலேயே வைக்கிறேன். வரிகள் பயமுறுத்தினால் ஆபா. நாலு பேரோடு கேட்பதென்றால் குயீன்.

## எதில் கேட்பது

எல்பி தட்டும் சுழல்மேடையும் வாங்கினால்தான் இதெல்லாம் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஊசி, ஆம்ப், ஸ்பீக்கர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். பாட்டு பிடித்த பிறகு அதைப் பார்க்கலாம். ஒற்றைக் காதில்தான் கேட்க முடியும் என்றால் போன் அமைப்பில், அணுகல்தன்மைப் பகுதிக்குள், மோனோ ஒலி என்று ஒரு விசை இருக்கும். அதைப் போட்டுக்கொடுத்ததும் அண்ணன் மகளுக்குப் பாடகர் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டார்.

இயர்போன் போதுமா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பீட்டில்ஸின் 1967 ஆல்பமான சார்ஜென்ட் பெப்பரின் கடைசிப் பாட்டு, பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த ஒற்றை கார்டோடு முடியும். அது தேய்ந்து மறைய நாற்பது விநாடிக்கு மேல் ஆகும். ஒலி குறையக் குறையப் பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அதனால் கடைசியில் அந்த அறையே கேட்கும்: யாரோ அசைய, ஒரு நாற்காலி கிறீச்சிடும். நான் அந்தப் பாட்டைப் பல வருடம் கேட்ட பிறகுதான் அந்த நாற்காலியைக் கேட்டேன். உங்கள் இயர்போனில் அது விழுந்தால் போதும், வேறெதுவும் வாங்க வேண்டாம்.